மேட்டில் நிறுத்தி எடுக்கத் தெரியுமா?

புதிதாக கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களிடம், "ஊட்டிக்கு நீங்களே ஓட்டிக்கிட்டுப் போவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள். "போற வரைக்கும் போயிடலாங்க. நடுவுல ஏத்தத்துல நிறுத்த வேண்டி வந்தா, மறுபடி எடுக்க வராது" என்பார்கள். அதே ஆட்கள்தான் ஜவுளிக்கடை பேஸ்மென்ட்டிலிருந்து வெளியே வரும்போது, டோக்கன் வாங்குபவருக்காகச் சரிவின் நடுவில் நின்று, எப்படியோ சமாளித்து மேலே ஏறி வருகிறார்கள். ஊட்டிச் சாலையின் பெரும்பகுதியைவிட அந்தச் சரிவுதான் செங்குத்தானது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டில் சாலைகளுக்கு அளவுகோல் வகுப்பது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ். சமவெளிச் சாலையில் பொதுவாக ஏற்றம் 30க்கு 1, அதாவது 30 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரலாம். மலைச்சாலைக்கு 20க்கு 1. கொண்டை ஊசி வளைவு என்றால் வளைவுக்குள் மட்டும் 40க்கு 1 என்று இன்னும் தட்டையாக இருக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். பேஸ்மென்ட் சரிவோ 10க்கு 1, இடம் போதாத கட்டடங்களில் 8க்கு 1. வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட பழைய மலைப்பாதைகள் எல்லாம் இந்த அளவுகோலுக்கு அடங்கியவை அல்ல என்பதும் உண்மை. 36 கொண்டை ஊசி வளைவுகளோடு மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையை யாரும் தட்டை என்று சொல்ல மாட்டார்கள். ஆனால், மேட்டுப்பாளையம் குன்னூர் வழியாகப் போகிறவர் பயப்படுவது சாலையின் சாய்வுக்காக அல்ல. நின்ற வண்டியை ஏற்றத்தில் கிளப்பும் வித்தையை யாரும் அவருக்கு உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. பயம் அங்கிருந்துதான் வருகிறது.

சொல்லித்தராத இடம் எது என்றால், டிரைவிங் ஸ்கூல்தான்.

காலை ஆறு மணிக்கு மாஸ்டர் வருவார். வண்டி ஏற்கெனவே ஸ்டார்ட்டில் இருக்கும். வெறிச்சோடிய சமதரைச் சாலையில் ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு என்று மாற்றிக்கொண்டு அரை மணி நேரம் ஒரு சுற்று. இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் மாஸ்டரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. பாதுகாப்புக்கு அது அவசியம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் நடப்பது என்ன? வழியில் ஒரு மேம்பாலமோ சிக்னலோ வந்து வண்டி ஏற்றத்தில் நின்றால், மாஸ்டர் தன் காலால் கிளட்ச்சை அளந்து விட்டுவிடுவார். வண்டி வழுக்கிக்கொண்டு போகும். 'நாமே எடுத்துவிட்டோம்' என்று கற்பவர் நினைத்துக்கொள்வார். உரிமம் வாங்கி, சொந்த வண்டியில் தனியாக உட்கார்ந்து, தி. நகர் துரைசாமி சுரங்கப்பாதையிலிருந்து மேலேறும்போது முன்னால் ஆட்டோ ஒன்று நின்றுவிட்டால்தான் உண்மை தெரியும். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள், பம்பரில் முன்சக்கரம் இடிக்காத குறையாக. அதற்குப் பின்னால் மாநகரப் பேருந்து. ஆரன் சத்தம். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆகிறது. இப்படித்தான் பலருக்கும் முதல் பாடம் தொடங்குகிறது, அதுவும் ஊரே பார்க்க.

சட்டத்தில் இது விட்டுப்போன விஷயம் என்று நினைத்தால் அதுவும் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல், ஓட்டுநர் தேர்வில் என்னென்ன செய்து காட்ட வேண்டும் என்று 15ஆம் விதி பட்டியல் போடுகிறது. செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கையோ ஆக்ஸிலேட்டர், கால் பிரேக் இரண்டையுமோ முறையாகப் பயன்படுத்தி, கொஞ்சமும் பின்னால் உருளாமல் மறுபடி கிளப்பிக் காட்ட வேண்டும் என்பது அதில் தெளிவாகவே இருக்கிறது. எழுதி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. கணினிக் கண்காணிப்போடு அமைக்கப்படும் புதிய தேர்வுத் தடங்களில் ஏற்றத்துக்கு என்று தனியாக ஒரு மேடு கட்டுகிறார்கள். மற்ற ஊர்களில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் சமதரை மைதானத்தில் முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் ஓட்டிக் காட்டினால் முடிந்தது. மேடே இல்லாத மைதானத்தில் அவரும்தான் என்ன செய்வார்?

கேரளப் போக்குவரத்துத் துறை 2024இல் கார் தேர்வைக் கடுமையாக்கப் பார்த்தது. ஏற்றத்தில் ஓட்டுவது, சாய்கோணத்தில் பார்க் செய்வது எல்லாம் கட்டாயம் என்றது. அதோடு வந்த வேறு நிபந்தனைகளும் சேர்ந்துகொள்ள, டிரைவிங் ஸ்கூல்காரர்கள் தேர்வையே புறக்கணித்துப் போராடினார்கள். மலையும் மேடுமான மாநிலத்திலேயே இந்த நிலைமை என்றால், தஞ்சாவூரிலும் நாகப்பட்டினத்திலும் கற்றுக்கொள்கிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஏற்றத்தில் நின்ற வண்டியைக் கிளப்புவது ஏன் சமதரையைவிடக் கஷ்டமாக இருக்கிறது? இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

எஞ்சினுக்கு ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு. ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் விட்டால், சிறிய பெட்ரோல் கார்களில் அது நிமிடத்துக்கு 800 சுற்று வாக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கு வெகுவாகக் கீழே இறங்கினால் அணைந்துவிடும். ஃபர்ஸ்ட் கியரில் எஞ்சின் 14, 15 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். கணக்குப் போட்டால், கிளட்ச்சை முழுதாக விட்ட நிலையில் வண்டி போகக்கூடிய மிகக் குறைந்த வேகம் மணிக்கு சுமார் 6 கிலோமீட்டர். விறுவிறுவென்று நடக்கிற ஆளின் வேகம். நிற்கிற வண்டியின் வேகமோ பூஜ்யம். இந்தப் பூஜ்யத்துக்கும் ஆறுக்கும் இடையில் வண்டியைக் கொண்டுபோவதற்காகத்தான் கிளட்ச் பிளேட் இருக்கிறது. எஞ்சினோடு சுற்றும் ஃபிளைவீலில் அது உராய்ந்து, வழுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, கடைசியில் இரண்டும் ஒன்றாகச் சுற்றும். அது உராயத் தொடங்கி வண்டியின் பாரத்தை ஏற்கும் அந்த இடத்தைத்தான் மாஸ்டர்கள் 'ஹாஃப் கிளட்ச்' என்கிறார்கள். 'பைட்டிங் பாயின்ட்' என்பதும் அதுவே.

சமதரையில் இந்த இடத்தைக் கொஞ்சம் தவறவிட்டாலும் ஒன்றும் ஆகாது. வண்டி அசையாமல் நிற்கும், அவ்வளவுதான். ஏற்றத்தில் பூமி பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. 1,000 கிலோ எடையுள்ள கார் 30க்கு 1 ஏற்றத்தில் நின்றால் பின்னிழுப்பு 33 கிலோ. ஒரு ஆள் இரண்டு கையாலும் முட்டுக்கொடுத்தாலே நின்றுவிடும். 20க்கு 1 என்றால் 50 கிலோ. பேஸ்மென்ட் சரிவான 8க்கு 1இல் ஏறத்தாழ 125 கிலோ. எஞ்சினுக்கு இதெல்லாம் ஒரு பாரமே இல்லை. ஃபர்ஸ்ட் கியரின் பலத்துக்கு முன் இது சுண்டைக்காய். சிக்கல் எல்லாம் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலேட்டரில் வைக்கிற அந்த ஒரு விநாடியில்தான்.

அந்த ஒரு விநாடியில் வண்டி எவ்வளவு தூரம் உருளும்? மேம்பாலம் மாதிரியான 30க்கு 1 ஏற்றத்தில், டயரின் உராய்வையும் கழித்துப் பார்த்தால், ஐந்தாறு விரற்கடை. பேஸ்மென்ட் சரிவில் அரை மீட்டர். அதையே இரண்டு விநாடி இழுத்தடித்தால் அரை மீட்டர் ஒரு மீட்டர் ஆகாது, இரண்டு மீட்டர் ஆகும். காரணம், உருள உருள வேகம் கூடும். ஆக, மேம்பாலத்துக்கு நாம் படுகிற பயம் கொஞ்சம் அதிகம், பேஸ்மென்ட்டுக்குப் படுகிற பயம் கொஞ்சம் குறைவு.

இதற்குச் சரியான மருந்து ஹேண்ட் பிரேக். நம் ஊரில் அதற்குப் பார்க்கிங் செய்யும்போது மட்டும்தான் மரியாதை. ஏற்றத்தில் கிளம்பும்போது அதை இழுத்தால், 'ஓட்டத் தெரியாதவன்' என்று பக்கத்தில் இருப்பவர் நினைத்துவிடுவாரோ என்று வெட்கம் வேறு. கல்யாண வீட்டில் சாம்பார் அண்டாவை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கும்போது, வாங்குகிறவர் 'பிடிச்சுட்டேன்' என்று சொல்லும்வரை கொடுக்கிறவர் கையை விட மாட்டார் இல்லையா? அதேதான் இங்கே நடப்பது. பாரத்தை ஹேண்ட் பிரேக் பிடித்திருக்கிறது. கிளட்ச் அதை வாங்கிக்கொண்டதற்கு அடையாளம் தெரிந்த பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும்.

அந்த அடையாளம் எப்படி இருக்கும் என்பதை எழுதிப் புரியவைப்பது சுலபமல்ல. குன்னூர் பக்கம் ஓர் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, அந்த வீட்டுப் பெரியவர் தன் மகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டு வாசலே ஏற்றத்தில்தான் இருக்கிறது. முதலில் பின்சக்கரத்துக்கு ஒரு கையகலம் தள்ளி ஒரு கல்லை வைத்தார். பிறகு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். கதவைத் திறந்தே வைத்திருந்ததால் பேசுவது எல்லாம் கேட்டது.

"ஹேண்ட் பிரேக் நல்லா இழுத்திருக்கியா? கால் பிரேக்க விட்டுரு. ஃபர்ஸ்ட் போடு. ஆக்ஸிலேட்டர லேசா அமுத்து, சத்தம் கொஞ்சம் மாறணும், அவ்ளோதான். இப்ப கிளட்ச்ச விடு... மெதுவா பாப்பா, மெதுவா..."

எஞ்சின் சத்தம் கனத்தது. பானெட் ஓர் அங்குலம் எழும்பினாற்போல் இருந்தது.

"அங்கயே வை. காலை அசைக்காத."

"வண்டி அதிருதுப்பா."

"அதிரட்டும். மூஞ்சியத் தூக்குது பாரு. இப்ப ஹேண்ட் பிரேக்க முழுசா எறக்கு."

"பின்னாடி போயிடுமே!"

"எறக்கு பாப்பா. கல்லு இருக்கு."

அவள் இறக்கினாள். வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. எந்தப் பிரேக்கும் இல்லாமல் அந்த ஏற்றத்தில் அப்படியே நின்றது. அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். "கிளட்ச்சு பிடிச்சிருக்கு, புரியுதா? இப்ப ஒரு நூல் விடு, போதும்" என்றார். ஒரு நூல் விட்டாள். வண்டி நகர்ந்தது. ஒரு வண்டி நீளம் போனதும் நிறுத்தச் சொல்லி, இறங்கி வந்து, மறக்காமல் அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டார். பழுதான லாரிக்கு முட்டுக்கொடுத்த கல்லை நடுரோட்டில் அப்படியே விட்டுப்போகிறவர்கள் அவரிடம் பாடம் கேட்க வேண்டும். இரவில் அந்தக் கல்லில் ஏறி விழுகிற இருசக்கர வாகனக்காரர்கள் மலைப்பாதைகளில் புதிதல்ல.

அவர் செய்ததில் முக்கியமான விஷயம், ஹாஃப் கிளட்ச்சில் வண்டி தானாக நிற்பதை மகளுக்குக் காட்டியது. அதைக் காலால் ஒருமுறை உணர்ந்துவிட்டால் போதும், மீதி எல்லாம் பழக்கம். ஆனால் அதை அங்கே ஓரிரு விநாடிதான் செய்துகாட்ட வேண்டும். காரணம், நம் ஊரில் கிளட்ச் பிளேட்டுகளைக் கருக்குகிற பழக்கமும் அதேதான். சிக்னலில், டோல்கேட்டில், மலை ஏற்ற நெரிசலில் பிரேக்கைத் தொடாமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியைத் தொங்கவிட்டு நிற்பதை ஒரு கெட்டிக்காரத்தனமாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க ஸ்டைலாகத்தான் இருக்கும். பிளேட்டோ அந்த நேரம் முழுக்க உராய்ந்து கொதித்துக்கொண்டிருக்கும். மே மாதத்தில் பர்லியார் தாண்டிக் குன்னூர் நோக்கி ஊர்ந்து போகும்போது கண்ணாடியை இறக்கிப் பாருங்கள். தீய்ந்த வாசனை ஒன்று வரும். பலரும் அதை பிரேக் வாசனை என்று நினைப்பார்கள். இறங்குகிற வண்டிகளிடமிருந்து வந்தால் பிரேக்தான், ஏறுகிற வண்டிகளிடமிருந்து வந்தால் பெரும்பாலும் கிளட்ச். கியர் பாக்ஸைக் கழற்றி இறக்கினால்தான் அந்தப் பிளேட்டை மாற்ற முடியும். மெக்கானிக் பில்லில் பொருள் விலையோடு கூலியும் கண்ணைக் குத்தும்.

கொஞ்சம் கை தேறியவர்கள் ஹேண்ட் பிரேக் இல்லாமலேயே எடுக்கலாம். கால் பிரேக்கை அமுக்கியபடியே கிளட்ச்சை ஹாஃப் வரைக்கும் விட்டு, எஞ்சின் சத்தம் கனத்ததும் வலது காலை பிரேக்கிலிருந்து ஆக்ஸிலேட்டருக்கு மாற்றுவது. டீசல் வண்டிகளில் இது இன்னும் சுலபம். குறைந்த சுற்றிலேயே இழுவை இருப்பதால் மிதமான ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரைத் தொடாமலேயே நகரும். மேம்பாலம், சுரங்கப்பாதை போன்ற சின்ன ஏற்றங்களுக்கு இந்த முறை போதும். ஆனால் 8க்கு 1 சரிவிலும், பின்னால் வண்டி ஒட்டிக்கொண்டு நிற்கும்போதும் ஹேண்ட் பிரேக்கை விட்டால் வேறு கதி இல்லை என்பதே என் கட்சி. எவ்வளவு வருடம் ஓட்டியவராக இருந்தாலும் சரி.

இரண்டு முறைகளிலும் சொதப்புவது ஒரே இடத்தில்தான். வண்டி நகரத் தொடங்கியதும் 'அப்பாடா' என்று கிளட்ச்சிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிடுகிறோம். அந்த 6 கிலோமீட்டர் வேகம் வருவதற்கு முன் எடுத்தால் எஞ்சின் அணையத்தான் செய்யும். நகர்ந்த பிறகும் வண்டி ஒரு நீளம் போகும்வரை கிளட்ச் மெதுவாகத்தான் வர வேண்டும்.

அணைந்தேவிட்டது, என்ன செய்வது? முதலில் சாவியைத் தேடாதீர்கள். கால் பிரேக், உடனே ஹேண்ட் பிரேக். எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி இரண்டு மூன்று அமுக்கலோடு தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் கனத்துவிடும். பதற்றத்தில் பிரேக்கை விட்டு விட்டு அமுக்குகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஹேண்ட் பிரேக் நின்றுவிட்டால் பிறகு அவசரமே இல்லை. கிளட்ச்சை அமுக்கி, ஸ்டார்ட் செய்து, முதலிலிருந்து தொடங்கலாம். பின்னால் ஆரன் அடிக்கிறவர் அடிக்கட்டும். அவருக்குச் செய்யக்கூடிய பேருதவி, அவர் வண்டிமேல் போய் மோதாமல் இருப்பதுதான்.

மலைக்கென்று சில தனி நியாயங்கள் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். கீழே மேட்டுப்பாளையத்தில் சரியாக இருந்த ஆக்ஸிலேட்டர் அளவு மேலே போதாது. கொஞ்சம் கூடுதலாக அமுக்கித்தான் கிளட்ச்சை விட வேண்டும். ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை, 1,000 சிசி எஞ்சின் என்றால் கிளம்பும்போது ஏசியை அணைத்துவிடுங்கள். அந்தக் குளிரில் ஏசி எதற்கு என்பது வேறு விஷயம்.

முன்னால் நிற்கிற பேருந்தும் லாரியும் கிளம்பும்போது ஓர் அடி பின்னால் வரக்கூடும். அவற்றின் பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நில்லுங்கள். வளைவில் மேலேயிருந்து பெரிய வண்டி இறங்கி வருகிறதென்றால், வளைவுக்குள் நுழைந்து நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பதைவிட, வளைவுக்கு முன்பே நின்றுவிடுவது நல்லது. வழி விட வேண்டியவர் யார் என்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. இரண்டு வண்டி தாராளமாகப் போக முடியாத மலைச்சாலையில், இறங்குகிறவர்தான் ஓரம் கட்டி ஏறுகிறவருக்கு வழி விட வேண்டும். ஏற்றத்தில் நின்று கிளம்புவதன் சிரமம் தெரிந்து எழுதிய விதி அது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளில் உள்ளூர்ப் பேருந்து ஓட்டுநர்கள் இதைச் சொல்லாமலே கடைப்பிடிப்பதைப் பார்க்கலாம். விடுமுறைக்கு வருகிற நம்மவர்கள்தான் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்து, "நான் முந்தி" என்று இறங்கி வருகிறார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வந்துவிட்டது. எத்தனை வண்டி வருகிறது என்று எண்ண அது உதவும். ஓட்டுகிறவருக்கு ஏற்றத்தில் வண்டியைக் கிளப்பத் தெரியுமா என்று எந்தப் பாஸும் கேட்பதில்லை.

'இனிமேல் எல்லாம் ஆட்டோமேட்டிக்தானே, இதையெல்லாம் எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும்' என்கிறவர்கள் உண்டு. பின்னால் உருளுவதைத் தடுக்கும் கருவி புதிதே அல்ல. அமெரிக்காவின் ஸ்டூட்பேக்கர் நிறுவனம் 1936லேயே 'ஹில் ஹோல்டர்' என்ற பெயரில் தன் கார்களில் அதைக் கொண்டுவந்தது. கிளட்ச்சை அமுக்கியிருக்கும்வரை பிரேக் பிடித்திருக்கும், கிளட்ச்சை விட விட பிரேக்கும் விடும். இன்றைய கார்களில் வரும் ஹில் ஹோல்டு, நீங்கள் பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் இரண்டு விநாடி வாக்கில் பிரேக்கைப் பிடித்துவைத்திருக்கும். அந்த ஒரு விநாடிச் சிக்கலுக்கு அருமையான தீர்வு, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு விநாடி முடிந்தால் விட்டுவிடும். அதை நம்பி, காலைத் தூக்கிவிட்டுப் பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டிருக்க முடியாது.

2014இல் மாருதி செலேரியோவோடு இந்தியாவுக்கு வந்த ஏஎம்டி கியர் பாக்ஸின் கதை இன்னும் வேடிக்கை. அதில் கிளட்ச் பெடல்தான் இல்லை, கிளட்ச் பிளேட் இருக்கிறது. உங்கள் காலுக்குப் பதில் ஒரு இயந்திரக் கை அதை அமுக்கி விடுகிறது. ஹில் ஹோல்டு இல்லாத ஏஎம்டி வண்டி செங்குத்தான ஏற்றத்தில் கியர் வண்டியைப் போலவே பின்னால் உருளும். அதை ஓட்டுகிறவர் பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தே ஏற்றத்தில் நிற்கப் பார்த்தால், உள்ளே அதே பிளேட் அதே மாதிரி கருகும். பெடல் இல்லாததால் அவருக்கு அது தெரியக்கூடச் செய்யாது. அவருக்கும் ஹேண்ட் பிரேக்தான் துணை. பிரிட்டனில் ஆட்டோமேட்டிக் காரில் தேர்வுக்குப் போய்த் தேறினால் கியர் வண்டியை ஓட்ட முடியாது, உரிமமே தனி. இங்கே கார் உரிமத்தில் அந்தப் பாகுபாடு இல்லை. எதில் தேறினாலும், நாளைக்கே நண்பரின் கியர் வண்டியை வாங்கிக்கொண்டு கொல்லிமலையின் 70 வளைவுகளில் ஏறச் சட்டம் குறுக்கே நிற்காது. கல்யாணத்துக்குப் போன இடத்தில் "தம்பி, அந்த வண்டிய எடுத்து மேல நிறுத்துப்பா" என்று மாமா சாவியை நீட்டுகிற ஊர் இது.

பழகுவதற்கு மலை தேவையில்லை. ஆள் நடமாட்டமில்லாத புது லே-அவுட்டில் ஒரு மேடு, ஏரிக்கரை ஏறும் பாதை, கல்லூரி மைதானத்து ஓரச் சரிவு, எது கிடைத்தாலும் போதும். ஏரிக்கரை என்றால், பின்னால் தண்ணீர் இல்லாத பக்கமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, ஓட்டத் தெரிந்த ஒருவர் பக்கத்தில், பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கல் அல்லது கட்டை. முதலில் ஹேண்ட் பிரேக்கோடு, பிறகு கால் பிரேக்கோடு. பழகி முடிந்ததும் அதே மேட்டில் ரிவர்ஸில் ஏறிப் பாருங்கள். வண்டி இப்போது முன்னால் உருளப் பார்க்கும், மற்றபடி வித்தை அதேதான். குறுகலான பேஸ்மென்ட்டில் எதிரே வண்டி வந்து, நீங்கள் சரிவில் பின்னோக்கி ஏற வேண்டி வரும் நாளில் அதன் அருமை தெரியும். மேட்டில் பார்க் செய்யும்போது ஹேண்ட் பிரேக்கோடு கியரிலும் போட்டுவிடுங்கள். ஏற்றம் பார்த்து நின்றால் ஃபர்ஸ்ட், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ்.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மொத்த வகுப்புகளில் ஒன்றே ஒன்றை ஊரில் இருக்கும் ஏதாவது ஒரு மேட்டுக்கு ஒதுக்குங்கள். அந்த ஒரு வகுப்பில் மட்டும் உங்கள் பக்கத்துக் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களுக்கும் அதே வேண்டுகோள்தான். விதி ஏற்கெனவே இருக்கிறது, தேர்வு மைதானத்தில் ஒரு லோடு மண் கொட்டி, கெட்டித்து, மேலே தார் போட்டால் மேடும் வந்துவிடும்.

இப்போது எல்எல்ஆர் கையில் வைத்திருப்பவர்களுக்கு: 30 நாள் கழித்துத்தான் தேர்வுக்குப் போக முடியும், எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும். அவகாசம் தாராளமாக இருக்கிறது. டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டும் முன், "மேட்டில் நிறுத்தி எடுக்கக் கற்றுத்தருவீர்களா?" என்று கேளுங்கள். "அதெல்லாம் ஓட்ட ஓட்டத் தானா வந்துரும்" என்று பதில் வந்தால், வேறு ஸ்கூல் பாருங்கள்.